மாமனார் தலைக்கு மேலே பெயின்ட்

தெருக்கோடியில் இருக்கும் முடிதிருத்தும் கடையின் பலகையில் ஏதோ ஒரு பெயர் எழுதியிருக்கிறது. அதை யாரும் நின்று படித்ததில்லை. எல்லோருக்கும் அது ரேடியோ கடைதான். கடைக்குள் தேடினால் ரேடியோ கிடைக்காது, கடைக்காரர்தான் ரேடியோ. காலையில் ஷட்டரைத் தூக்கும்போது திறக்கிற வாய், இரவு ஷட்டரை இறக்கும்போதுதான் மூடும். நடுவில் சாப்பாட்டுக்கு மட்டும் சின்ன இடைவேளை உண்டு, அதுவும் புரையேறிவிடுமே என்ற பயத்தில்.

இதற்கு அவரிடம் ஒரு நியாயம் இருந்தது. "கழுத்துல கத்தியை வெச்சுக்கிட்டு ஒருத்தன் உம்முனு நின்னா உங்களுக்கு எப்படி இருக்கும்? பேசிக்கிட்டே இருந்தாத்தான், சரி, ஆள் நல்ல மனநிலையில இருக்கான்னு நிம்மதியா உட்காருவீங்க. என்ன சார், நான் சொல்றது சரிதானே?" என்பார். எல்லோரும் சரி என்றுதான் சொல்வார்கள். கழுத்தில் கத்தி இருக்கும்போது யார் வாதம் செய்வார்கள்?

வெறும் ஊர்க்கதை மட்டுமல்ல. தன் கை எங்கே போகிறது என்பதையும் சொல்லிக்கொண்டே போவார். "இப்போ காதுக்குப் பின்னால வர்றேன். அசையாதீங்க. இதோ, ஆச்சு. அடுத்து பிடரி. கொஞ்சம் ஜில்லுனு இருக்கும்." கத்தரியைக் கண்டாலே வீலென்று அலறும் குழந்தைகள்கூட அவர் நாற்காலியில் வாயைப் பிளந்துகொண்டு உட்கார்ந்திருக்கும்.

இப்பேர்ப்பட்ட மனிதருக்கு வாய்த்த மாமனார் எப்படிப்பட்டவர்? அச்சகத்தில் பிழை திருத்துபவராக இருந்து ஓய்வு பெற்றவர். ஆயுள் முழுக்க அடுத்தவர் எழுதியதில் வேண்டாத வார்த்தையை அடித்து அடித்தே பழகியவர். ஒரு வார்த்தையில் முடிகிற காரியத்துக்கு இரண்டாவது வார்த்தையைத் தொடமாட்டார். ஒரு வார்த்தையும் தேவையில்லை என்றால் விரலை நீட்டுவார், அவ்வளவுதான். சரியான கல்லுளிமங்கன்.

அவருடைய ஒரே மகள், ரேடியோ கடைக்கு எதிரே இருந்த மருந்துக்கடையில் வேலை பார்த்தாள். மருந்துக்கடையில் கூட்டம் குறைவு, எதிர்க்கடையில் பேச்சு அதிகம். கேட்டுக் கேட்டுச் சிரித்து, சிரிப்பு காதலாகி, ஒருநாள் ரேடியோ பெண் கேட்க அவர்கள் வீட்டுக்குப் போனார். நல்ல பெயர் வாங்க வேண்டும் என்ற ஆசையில் பேச ஆரம்பித்தவர் நிறுத்தவே இல்லை. காபி ஆறியது, சூடு பண்ணிக் கொடுத்தார்கள், திரும்பவும் ஆறியது. கடைசியில் தெருவிளக்கு எரிய ஆரம்பித்த பிறகுதான் எழுந்தார். அவர் தலை மறைந்ததும் அப்பா மகளிடம் சொன்னார்: "நல்ல மனுஷன்தான். தாராளமா கட்டிக்கோ. ஆனா என்னை மட்டும் அவர்கிட்ட பேசச் சொல்லாதே."

சொன்ன சொல்லை அவர் காப்பாற்றினார். கல்யாணத்துக்கு வந்தார், முன்வரிசையில் உட்கார்ந்தார், பேரப்பிள்ளை பிறந்தபோது மருத்துவமனைக்கு ஓடி வந்தார். ஆனால் மருமகனிடம் நேராக ஒரு வார்த்தை கிடையாது. எதிரெதிரே உட்கார்ந்திருப்பார்கள். "அவருக்கு இன்னொரு காபி வேணுமா, கேளு" என்பார் மகளிடம். "எனக்குப் போதும்னு சொல்லு" என்பார் ரேடியோ, அதே மனைவியிடம். அவள் நடுவில் நின்று தலையை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திருப்புவாள். "நான் இந்த வீட்டு மருமகளா, மகளான்னே தெரியல. தபால் ஆபீஸ்!" என்று சிரிப்பாள்.

ரேடியோவும் கூடச் சேர்ந்து சிரிப்பார். உள்ளுக்குள் மட்டும் அது முள்ளாகக் குத்திக்கொண்டே இருந்தது. அப்பாவை விவரம் தெரியும் முன்பே பறிகொடுத்தவர் அவர். கல்யாணத்தில் மனைவியோடு ஒரு அப்பாவும் சேர்த்துக் கிடைப்பார் என்று கணக்குப் போட்டிருந்தார். ஊரே தன் பேச்சைக் கேட்க வரிசையில் காத்திருக்கிறது, இந்த ஒரு மனிதருக்கு நான் என்ன குறை வைத்தேன் என்று நினைத்து நினைத்து மருகுவார். அவர் வாயால் ஒரே ஒரு தடவை, நேராக, 'மாப்பிள்ளை' என்று கூப்பிட்டுவிட்டால் போதும். அதற்கு மேல் ரேடியோ எதுவும் கேட்கவில்லை.

இப்படி இருக்கும்போது மாமனார் குளியலறையில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பை முறித்துக்கொண்டார். அறுவை சிகிச்சை நல்லபடியாக முடிந்தது. "கொஞ்ச வாரம் அசையாம மல்லாந்து படுத்திருக்கணும், அப்புறம் நடக்க வெச்சிடலாம்" என்றார் டாக்டர். மாமியார் காலமாகி வெகு நாளாகிவிட்டதால் அவரைத் தனியாக விட வழியில்லை. நம் வீட்டுக்கே கூட்டிவந்துவிடலாம் என்று முதலில் சொன்னது ரேடியோதான்.

பின்கட்டு அறையை ஒழித்தார்கள். கடைக்கு வேண்டிய துண்டுகள், பவுடர் டப்பாக்கள், கால் உடைந்த பழைய சுழல்நாற்காலி எல்லாம் வெளியே போயின. கைப்பிடியைச் சுற்றினால் தலைப்பக்கம் உயரும் இரும்புக் கட்டில் ஒன்றை வாடகைக்கு எடுத்து, ஆட்கள் வந்து அறைக்குள்ளேயே பூட்டிவிட்டுப் போனார்கள். மெத்தை எப்படி இருக்கிறது என்று பார்க்க ரேடியோ அதில் மல்லாந்து படுத்தார். படுத்தவர் அப்படியே கிடந்தார்.

மேலே சீலிங் சகிக்கவில்லை. எப்போதோ மொட்டைமாடித் தொட்டி ஒழுகியதில் காபி கொட்டியது போல் பெரிய கறை. அதைச் சுற்றிலும் பெயின்ட் பொருக்குப் பொருக்காகப் பெயர்ந்து தொங்கியது. நின்று பார்க்கிறவர்களுக்கு இது பெரிய விஷயமில்லை. வீட்டில் யார் அண்ணாந்து பார்க்கிறார்கள்? ஆனால் வாரக்கணக்கில் மல்லாந்து கிடக்கப்போகிறவருக்கு இதைத் தவிர வேறு காட்சி கிடையாது. அதுவும் ஒரு புள்ளி தப்பாக இருந்தாலும் தூக்கம் வராத மனிதருக்கு.

பெயின்டரைக் கூப்பிட்டார். "நாளைக்கு வந்துடறேன்" என்றார் பெயின்டர். பெயின்டர்கள் சொல்லும் நாளைக்கு எந்தக் காலண்டரில் வருகிறது என்று யாருக்கும் தெரியாது. ஆகவே ரேடியோ தானே ஏணியை வாங்கிவந்தார்.

"உங்களுக்கு எதுக்குங்க இந்த வேலை? முடி வெட்டறவரு முடி வெட்டினாப் போதாதா?" என்றாள் மனைவி.

"தலைல வேலை பார்க்கறவன்தானே நான்? இது வீட்டோட தலை. எல்லாம் ஒண்ணுதான்" என்றார் ரேடியோ. மனதில் வேறு கணக்கு ஓடிக்கொண்டிருந்தது. வாயால் கெட்ட பெயரைக் கையால் துடைத்துவிடலாம் என்று நம்பினார்.

பொருக்கை எல்லாம் சுரண்டினார். பட்டி பார்த்தார், உப்புத்தாள் போட்டுத் தேய்த்தார். கறை மீண்டும் மேலே வராமலிருக்க அந்த இடத்தில் மட்டும் பிரைமரை இரண்டு தடவை தடவினார். கடை விடுமுறை நாளில் பெயின்ட் அடித்து முடித்துவிட்டால் மறுநாள் மாமனார் வரும்போது எல்லாம் காய்ந்து பளிச்சென்று இருக்கும். திட்டம் பிரமாதம்தான். மருத்துவமனைக்கு அது தெரியாதே. விடுமுறை நாள் காலையில் அவர் பெயின்ட் டப்பாவைத் திறந்து குச்சியால் கலக்கிக்கொண்டிருந்தபோது போன் வந்தது. படுக்கை தட்டுப்பாடு, இன்றைக்கே கூட்டிப்போய்விடுங்கள் என்றார்கள்.

ரேடியோவுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. மதியத்துக்குள் மாமனாரை ஸ்ட்ரெச்சரில் கொண்டுவந்து, அதே அறையில், அதே கட்டிலில் படுக்க வைத்துவிட்டார்கள். ஏணி ஒரு மூலையில், பெயின்ட் டப்பா இன்னொரு மூலையில். கட்டிலைக் கழற்றாமல் வாசல் வழியாக வெளியே எடுக்க முடியாது. அவரை இறக்காமல் கட்டிலைக் கழற்ற முடியாது.

மாமனார் அண்ணாந்து சீலிங்கைப் பார்த்தார். அங்கே சுரண்டிய இடம், இங்கே பட்டி பூசிய இடம், நடுவில் பிரைமர். திட்டுத் திட்டாகத் தேமல் பிடித்தது போல் இருந்தது. கண்ணை மூடினார். திறந்தார். திரும்பவும் மூடினார்.

"இதை நல்லா ஆன பிறகு பார்த்துக்கலாம்ப்பா" என்றாள் மகள்.

"இதைப் பார்த்துக்கிட்டே கிடந்தா நான் நல்லா ஆகமாட்டேன். முடிக்கச் சொல்லு."

தபால் சேர்ந்தது. ரேடியோ தலையாட்டினார். மனைவி அவரை நடைக்குத் தள்ளிக்கொண்டு போய்க் காதோடு சொன்னாள்: "உங்களுக்குப் புண்ணியமாப் போகும், இன்னிக்கு ஒருநாள் வாயைக் கட்டுங்க. அவரால எழுந்து ஓடவும் முடியாது, பாவம்."

"மூச்சு விடமாட்டேன்" என்று தலையில் அடித்துச் சத்தியம் செய்தார்.

வாடை தங்காத பெயின்ட்தான் என்றாலும் ஜன்னல் இரண்டையும் விரியத் திறந்துவைத்தார். கால்பக்கம் பிளாஸ்டிக் விரிப்பைப் போட்டார். மாமனார் மேலுக்குக் கடையிலிருந்து கொண்டுவந்திருந்த வெள்ளைத் துணியை ஒரு உதறு உதறி விரித்து, கழுத்தில் முடிச்சுப் போட்டு, தலையில் துண்டைச் சுற்றினார். பழக்க தோஷத்தில் இரண்டு விரலால் நெற்றிப்பொட்டைத் தொட்டுத் தலையை நேராக்கினார். அப்புறம்தான் யாருடைய தலை என்று உறைத்து, கையைச் சுட்டுக்கொண்டவர் போல் இழுத்துக்கொண்டார்.

முதலில் பிரஷ்ஷால் ஓரங்களை முடித்தார். அப்புறம் ரோலர். வாக்குக் கொடுத்தபடி வாயைத் திறக்கவில்லை. அறையில் ரோலர் உருளும் சளக் சளக் சத்தம்தான். ஏணி கிரீச்சிட்டால் மாமனார் உடம்பு விறைத்தது. டப்பா மூடி தரையில் விழுந்தபோது கட்டில் கம்பியை இறுகப் பிடித்துக்கொண்டார். ரேடியோ கவனித்தார். பயந்த வாடிக்கையாளரை அவருக்குத் தெரியாதா? மேலே ஒருவன் என்ன செய்கிறான், எப்போது எது தலையில் விழும் என்று தெரியாமல் படுத்திருப்பது, உம்மென்று நிற்கிறவனின் கத்திக்குக் கீழே உட்கார்ந்திருப்பது மாதிரியேதான். சத்தியமாவது ஒன்றாவது.

"மாமா, ஏணியை நகர்த்தப் போறேன். கொஞ்சம் சத்தம் வரும்" என்றார் மெதுவாக. "இப்போ உங்க காலுக்கு நேரா அடிக்கிறேன். இங்கேர்ந்து ஒண்ணும் விழாது. இப்போ ரோலரைத் தொட்டுக்கறேன். சொட்டு வடியட்டும்னு நிக்கறேன். ஆச்சு."

கம்பியைப் பிடித்திருந்த விரல்கள் ஒவ்வொன்றாகத் தளர்ந்தன. ரேடியோ அதைப் பார்த்துவிட்டு இன்னும் உற்சாகமாக அறிவிப்பைத் தொடர்ந்தார்.

கொஞ்ச நேரத்தில் மாமனார் போர்வைக்கு அடியிலிருந்து கையை எடுத்து மேலே விரலை நீட்டினார். வாசலில் நின்ற மகள், "அங்க ஒரு இடம் விட்டுப்போச்சாம்" என்று தபாலைச் சேர்த்தாள். அடிக்கிறது வெள்ளை, அடியில் இருப்பதும் வெள்ளை; ஏணியில் மூக்கு உரசுகிற தூரத்தில் நிற்பவருக்கு எது ஈரம், எது காய்ந்தது என்று தெரியாது. ஜன்னல் வெளிச்சத்தில் படுத்துக்கொண்டு பார்ப்பவருக்குத்தான் தெரியும். இப்படி இரண்டு மூன்று தபால் சேர்ந்த பிறகு, அடுப்பில் பால் பொங்குகிறது என்று மகள் ஓடினாள். அங்கேயே ஏதோ வேலையாகிவிட்டது.

மாமனார் மறுபடி விரலை நீட்டினார். அண்ணாந்து நிற்கும் மனிதருக்குக் கீழே நீட்டிய விரல் எப்படித் தெரியும்? நீட்டிய கை வலிக்கும்வரை நீட்டிப் பார்த்துவிட்டு இறக்கினார். இருமினார். ரேடியோ பதறிக்கொண்டு இறங்கி வந்து தண்ணீர் கொடுத்தார். மாமனார் குடித்தார். ஏணி ஏறியதும் திரும்பவும் இருமினார். திரும்பவும் இறங்கி வந்து தண்ணீர். படுக்கையிலேயே எல்லாம் நடக்க வேண்டிய நிலைமையில் இருக்கிறவருக்கு இதற்கு மேல் தண்ணீர் குடிப்பது விபரீதம். அதற்குள் ஏணி வேறு விட்ட இடத்தைத் தாண்டி நகர ஆரம்பித்துவிட்டது. பிழை அச்சாகிப் போகப்போகிறது. மனிதர் எத்தனை நேரம்தான் பொறுப்பார்?

"ஜன்னல் பக்கம், ரெண்டாவது வரி, கடைசியில ஒரு சாண் விட்டுப்போயிருக்கு" என்றார் காற்றைப் பார்த்து.

ரேடியோ ஏணியை இறுகக் கட்டிக்கொண்டார். இல்லையென்றால் வீட்டில் இரண்டு இடுப்பெலும்பு போயிருக்கும். அறையில் வேறு யாரும் இல்லை என்று ஒருமுறை திரும்பிப் பார்த்து உறுதிப்படுத்திக்கொண்டார். ஆனாலும் நேராகப் பதில் சொல்லப் பயம். குருவி பறந்துவிட்டால்? கையில் இருந்த ரோலரைப் பார்த்துச் சொன்னார்: "கேட்டியா? ரெண்டாவது வரி, கடைசியாம். ஒழுங்கா ஒரு தடவை போயிட்டு வா."

கீழேயிருந்து குரல் வந்தது: "அழுத்தாமப் போகச் சொன்னா நல்லது. அழுத்தினா கோடு விழுது."

"கோடு விழுதாம்டா. அழுத்தாதே" என்றார் ரேடியோ ரோலரிடம்.

"மூணாவது வரி தேவலை."

"உன்னைப் பாராட்டறாங்க, பார்த்தியா!"

கட்டிலிலிருந்து கனைப்பு மாதிரி ஏதோ வந்தது. அது சிரிப்புதான் என்று ரேடியோவுக்கு நன்றாகவே தெரிந்தது. கீழே எட்டிப் பார்த்தார். மருத்துவமனையில் சுவரைப் பார்த்துச் சோர்ந்து கிடந்த முகமா இது? கண் இரண்டும் பளபளவென்று சீலிங்கை இடமிருந்து வலமாக மேய்ந்துகொண்டிருந்தது. ஓய்வு பெற்ற நாளிலிருந்து அவருக்குத் திருத்த ஒன்றும் கிடைக்கவில்லை. இன்றைக்கு ஒரு முழு அறை கிடைத்திருக்கிறது. துண்டு கண்ணை மறைக்கிறது என்று அதையும் பிடுங்கிப் போட்டுவிட்டார்.

அந்தத் துண்டு போனதுதான் வினையாகிவிட்டது. நேராகத் தலைக்கு மேலே கடைசி வரி ஓடிக்கொண்டிருந்தபோது, ரோலர் ஓரத்திலிருந்து கொழுத்த சொட்டு ஒன்று இறங்கி, காதுக்கு மேலே மாமனார் முடியில் பொத்தென்று விழுந்தது.

"ஐயையோ!" என்று ரேடியோ ஒரு காலைக் கீழே வைத்தார்.

"இறங்காதீங்க!" என்றார் மாமனார். "பாதியில நிறுத்தினா அங்க திட்டுத் தெரியும். முடிச்சுட்டு இறங்குங்க."

இறங்காதீங்க. இறங்குங்க. ரோலரிடம் சொல்கிற பேச்சா இது? ரோலருக்கு யார் மரியாதை கொடுப்பார்கள்? அந்த 'ங்க' தனக்குத்தான், சந்தேகமே இல்லை. ரேடியோவுக்குத் தலைகால் புரியவில்லை. அவசரத்தில் வாய் தவறி வந்திருக்கும், ரொம்ப ஆசைப்படாதே என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு அந்த வரியை ஒரே மூச்சில் முடித்தார்.

இறங்கியதும் மாமனார் பக்கத்தில் போய் நின்றார். மாமனார் மேலேயே பார்த்துக்கொண்டிருந்தார். அவர் என்ன பார்க்கிறார் என்று பார்க்கவேண்டும் போல இருந்தது. கட்டிலுக்குப் பக்கத்தில் வெறுந்தரையிலேயே மல்லாந்து படுத்தார். சாயங்கால வெளிச்சம் ஜன்னல் வழியாகச் சரிந்து, சீலிங் இந்த மூலையிலிருந்து அந்த மூலைவரை ஒரே வெள்ளையாக விரிந்துகிடந்தது. கறை இருந்த இடத்தைத் தேடினார், கிடைக்கவில்லை. இருவரும் அதை அனுபவித்துக்கொண்டு கிடந்தார்கள். பால் டம்ளரோடு வந்த மனைவி, ஒருவர் மேலேயும் ஒருவர் கீழேயும் விறைத்துக் கிடப்பதைப் பார்த்துப் பதறி, இருவர் கண்ணும் சிமிட்டுவதைப் பார்த்த பிறகுதான் மூச்சு விட்டாள்.

"அப்பா, தலையில என்ன?"

அதற்குள் சொட்டு முடியோடு சேர்ந்து கட்டியாகியிருந்தது. ஈரத்துணியால் துடைத்துப் பார்த்தார்கள், அசையவில்லை. மருத்துவமனையில் கிடந்த நாளில் முடியும் காட்டுத்தனமாக வளர்ந்து காதை மூடியிருந்தது.

"வெட்டித்தான் எடுக்கணும்" என்றாள் மகள், தபால் எதிர்பார்த்து அப்பா முகத்தைப் பார்த்தபடி. அவர் 'ம்' என்று மட்டும் சொன்னார். அவள் சமையலறைக்குப் போய்விட்டாள்.

ரேடியோ கை கால் கழுவிக்கொண்டு வந்தார். கைப்பிடியைச் சுற்றி, டாக்டர் அனுமதித்திருந்த அளவுக்குத் தலைப்பக்கத்தை உயர்த்தினார். புதுத் துணி போட்டார். சீப்பை நீரில் நனைத்து, இடது கையை அந்தத் தலைமேல் வைத்தார். நரைத்த மெல்லிய முடி. அடியில் இளஞ்சூடாக மண்டை. எத்தனை ஆயிரம் தலையைத் தொட்டிருப்பார், கணக்கே கிடையாது. ஆனால் அப்பா என்று ஒருவருடைய தலையைத் தொட்டதில்லை. தொழில் கற்றுக்கொண்டபோது அதற்கு வீட்டில் ஆள் இல்லை. இது நினைவுக்கு வந்ததும் கை பாட்டுக்கு வெட்டியது, வாய் திறக்கவில்லை. அறையில் கத்தரிச் சத்தம் மட்டும் கேட்டுக்கொண்டிருந்தது.

ஒரு பக்கம் முடிந்தது. மறுபக்கமும் பாதி ஆகிவிட்டது.

"என்னாச்சு? ஏன் பேச்சையே காணோம்?" என்றார் மாமனார்.

"நான் அடுப்படியில இருக்கேன்ப்பா! என்ன வேணும்?" என்று உள்ளேயிருந்து மகள் குரல் கொடுத்தாள்.

"உன்னைக் கேக்கலம்மா" என்றார் மாமனார் உரக்க. "மாப்பிள்ளையைக் கேட்டேன்."

சமையலறையில் பாத்திரச் சத்தம் நின்றது. மறுநிமிஷம் அவள் கையில் கரண்டியோடு வாசலில் வந்து நின்றாள். அவள் முகத்தைப் பார்த்தால் தானும் உடைந்துவிடுவோம் என்று ரேடியோ அந்தப் பக்கமே திரும்பவில்லை. தோள்பட்டையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். எத்தனையோ வருஷமாகச் சொல்ல நினைத்ததெல்லாம் ஒன்றையொன்று முட்டிக்கொண்டு நின்றது.

"ஒண்ணுமில்ல மாமா" என்றார் கடைசியில். "நம்ம கடைக்கு எதிர்ல மருந்துக்கடை இருக்கில்ல? அங்க ஒரு பொண்ணு வேலைக்குச் சேர்ந்தா. சேர்ந்த அன்னிக்கே ஒருத்தருக்கு இருமல் மருந்துக்குப் பதிலா..."

"வேண்டாம்! அதைச் சொல்லாதீங்க!" என்று வாசலிலிருந்து மனைவி கரண்டியை ஓங்கினாள்.

ரேடியோ பயந்துபோய் நிறுத்தினார்.

"அவ கிடக்கிறா" என்றார் மாமனார். "அப்புறம்?"